ஆர்க்கிட் பார்சல் வாங்குபவர்கள் படிக்கவும்: கருப்பழுகலுக்குக் கார்பென்டசிம் ஊற்றச் சொன்ன விற்பனையாளர்

போன ஐப்பசியில் ஆன்லைனில் ஆர்க்கிட் விற்கும் ஒருவரிடம் 12 டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் வாங்கினேன். 4,200 ரூபாய். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அவர் பேச்சைக் கேட்டு, நான்கு வருடமாக வளர்த்த என் பழைய ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் மூன்றையும் பறிகொடுத்ததுதான் ஆறவில்லை.

பார்சலைப் பிரித்தபோதே சுற்றியிருந்த தாள் சொதசொதவென்று இருந்தது. மூன்று செடிகளில் இளந்தண்டின் அடியில் கரும்பழுப்புத் திட்டு, ஓரத்தில் மஞ்சள். படம் அனுப்பினேன். "வண்டியில் வந்த களைப்பு மேடம், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்றார். நான்காம் நாள் தொட்டாலே இலை உதிர்ந்தது. மறுபடி கேட்டதற்கு, சாதாரணப் பூஞ்சைதான், கார்பென்டசிம் என்ற பூஞ்சை மருந்தைக் கரைத்துத் தினமும் எல்லாத் தொட்டிக்கும் ஊற்றுங்கள் என்றார். அந்த மருந்தையும் 350 ரூபாய்க்கு அவரே அனுப்பினார்.

பத்து நாள் ஊற்றினேன். சென்னையில் அப்போது அடைமழை வேறு. கருப்பு ஒவ்வொரு தொட்டியாக நகர்ந்து, ஃபெலனாப்சிஸின் குருத்துக்குள் இறங்கியது.

தோட்டக்கலை படித்த என் நாத்தனார் மகள் வந்து பார்த்ததும், "அத்தை, முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள்" என்றாள். அது கருப்பழுகல். ஃபைட்டோஃப்தோரா, பித்தியம் என்ற கிருமிகளால் வருவது. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் இவை வேறு இனம். கார்பென்டசிம் இவற்றை ஒன்றும் செய்யாது. இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகும். அதாவது மருந்து என்று நம்பி நான் ஊற்றிய தண்ணீரே நோயைப் பக்கத்துத் தொட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறது. செடி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமலிருக்கலாமா?

அவள் கருப்புக்குக் கீழே நல்ல பகுதி தெரியும்வரை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் தீயில் காட்டினாள். பிறகு மெட்டலாக்சிலும் மான்கோசெப்பும் கலந்த மருந்தைத் தெளித்து, மழை படாத, காற்றோட்டமான இடத்தில் தள்ளித் தள்ளி வைத்தோம். சில நாள் தண்ணீரே காட்டவில்லை. மூன்று டென்ட்ரோபியம் பிழைத்தன.

இன்னொன்றையும் அவளிடம்தான் கற்றேன். திட்டு வெந்த இலை மாதிரி நீர் கோத்து, அழுத்தினால் கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். அதற்குக் கார்பென்டசிம் மாதிரியான பூஞ்சை மருந்துகள் வேலை செய்யாது. உடனே வெட்டி எறிந்து, செடியைக் காயவிட வேண்டும். தாமிர மருந்து இருக்கிறது என்று டென்ட்ரோபியத்தில் அடித்துவிடாதீர்கள், தளிர் கருகலாம். வைரஸ் என்றால் மருந்தே கிடையாது, செடியை அப்புறப்படுத்துவதுதான் வழி.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்கள் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள்" என்று பதில் வந்தது. தினமும் ஊற்றச் சொன்ன அவருடைய செய்தியையே திருப்பி அனுப்பினேன். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைக்காதது என் தப்பு, நீங்கள் கட்டாயம் எடுங்கள். செடி ஈரமாக வந்தால் அன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் புதுச் செடியை ஒரு மாதமாவது பழைய செடிகளின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதற்குத் தனிக் கத்தரி வையுங்கள். நோய்க்கு விற்பவரே மருந்து சொன்னால், பக்கத்து வேளாண் கல்லூரியிலோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ இலையைக் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.