வேப்பமரத்தடி நீலத் தொட்டி: வேலூர் நாய்க் கண்காட்சி இந்த வருஷம் எப்படி இருந்தது?

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் மார்ச் இரண்டாவது ஞாயிறு நடந்த நாய்க் கண்காட்சிக்கு எங்கள் கறுப்பியைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். கறுப்பி கன்னி இனம், மூன்று வயது. நடுவர் முன்னால் நாயை ஓட்டிக் காட்டும் ரிங்கில் அவளைப் பிடித்து ஓடியது என் அக்கா மகன். நான் முப்பத்தோரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியிலேயே கழித்து ஓய்வு பெற்றவள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, டாக்டர் எங்கே, வண்டி வெளியே போக வழி எங்கே என்றுதான் என் கண் முதலில் தேடும். இந்த மதிப்புரையும் அதைப் பற்றியதுதான். நடுவர் யார், கோப்பை எத்தனை அடி என்பதை மற்றவர்கள் எழுதுவார்கள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்லாமல் இந்த வருஷத்தைச் சொல்ல முடியாது. அதே மைதானம், அதே ஆட்கள்தான் நடத்தினார்கள். கூடைப்பந்து ஆடும் சிமென்ட் தளத்தின் மேல் பச்சைக் கம்பளம் விரித்து அதைத்தான் ரிங் ஆக்கியிருந்தார்கள். ஆம்பூரிலிருந்து ஒரு பெரியவர் பாக்ஸர் நாய் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். நாலரை வயசு, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, அப்படி ஒரு நாய். பதினொன்றரைக்கு அதன் வகுப்பு, அதாவது அந்த நாய்களுக்கான போட்டி, என்று சொல்லிவிட்டு ஒன்றே கால் வரை இழுத்தார்கள். ரிங்கை விட்டு வெளியே வந்த நாய் பத்தடி நடந்தது, பின்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

நான் அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்தேன். மைக்கில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் கூடுவதைப் பார்த்து நான் போய்ச் சேர்ந்தபோது நாயை ஈரத் துண்டில் சுருட்டி, இரண்டு மணி நேரமாக வெயிலில் நின்ற காரின் பின்சீட்டில் போட்டிருந்தார்கள். காருக்கு முன்னால் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு வேன். அந்த டிரைவரைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆனது. ஈறு செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது, எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. என் பையிலிருந்த தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்தேன், 108 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101லிருந்து 102.5 வரைதான் சாதாரணச் சூடு. துண்டை உருவி எறிந்துவிட்டுக் கையில் கிடைத்த கேன் தண்ணீரை எல்லாம் ஊற்றினோம். தாமதமாகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் அது போய்விட்டது.

பெரியவர் போனில் சொன்னார்: "தண்ணி கேட்டுச்சு சிஸ்டர், ரிங்கு முடியட்டும்னு நான்தான் குடுக்கல." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மேல் நான் தப்பு சொல்ல மாட்டேன். ரிங்குக்கு முன்னால் தண்ணீர் கொடுத்தால் வயிறு தொங்கும், நடை கெடும் என்று யார் யாரோ சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் அது. நடத்துபவர்களுக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

ஆனால் அதை யாரோ படித்திருக்கிறார்கள். இந்த வருஷம் நுழைவுப் படிவத்தோடு வந்த அறிவிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது. முதல் ரிங் காலை ஆறரைக்கு. பதினொன்றிலிருந்து நாலு மணி வரை எந்த வகுப்பும் கிடையாது. பக், ஷிட்சூ, புல்டாக், பாக்ஸர் மாதிரி சப்பை மூக்கு நாய்களின் வகுப்பு முதலில். இது சரியான ஏற்பாடு. நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டை வெளியே தள்ள வேண்டும். சப்பை மூக்குக்கு அந்த மூச்சுப் பாதையே குறுகல். வேலூர் வெயில் எப்படி என்று நான் வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அக்னி நட்சத்திரம் வரை காத்திருக்காது, மாசி முடியும்போதே மண்டையைப் பிளக்கும்.

ரிங்கையும் புல்தரைக்கு மாற்றிவிட்டார்கள். நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஏழு விநாடி நம்மால் கை வைக்க முடியாத தரையில் நாயை நிறுத்தக் கூடாது. பத்து மணிக்கும் புல் தாங்கியது. பக்கத்திலிருந்த சிமென்ட் தளத்தில் மூன்று விநாடிக்கு மேல் என்னால் வைக்க முடியவில்லை.

அப்புறம் அந்த வேப்பமரம். இரண்டு ரிங்குக்கும் நடுவில், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி மூங்கிலில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். அடியில் கல்யாண வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பார்களே, அந்தப் பெரிய நீலத் தொட்டி, முக்கால் வாசி நிரப்பியிருந்தது. பக்கத்தில் இருபது லிட்டர் கேன்கள் பதினொன்று. எண்ணினேன். சாக்கில் உமி போட்டு மூடிய ஐஸ் பார் ஒன்று. ஜெனரேட்டரில் ஓடும் ஸ்டாண்டு ஃபேன் இரண்டு. மேஜை மேல் மூன்று தெர்மாமீட்டர், வாசலின், காஸ் துணி ரோல், ஸ்ட்ரெச்சராகப் பிடிக்க இரண்டு முரட்டுப் போர்வை. கால்நடை டாக்டர்கள் இரண்டு பேர், முறை வைத்துச் சாப்பிடப் போனார்கள். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்தார். இதைப் பார்த்ததும் எனக்கு வார்டில் டூட்டி மாற்றிக்கொள்வது ஞாபகம் வந்தது.

பத்து இருபதுக்கு அந்தத் தொட்டிக்கு வேலை வந்தது. சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பக். பிடித்திருந்தது பன்னிரண்டு வயசுப் பெண் குழந்தை. மூச்சு வாங்குவது குறட்டைச் சத்தமாக மாறி, நாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரிங்கில் நின்ற கல்லூரிப் பையன் உடனே சிவப்புத் துணியைத் தூக்கினான். மைக்கில் "மரத்தடி, மரத்தடி, முதல் ரிங்" என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு பேர் போர்வையோடு ஓடினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நாய் விழுந்து ஒரு நிமிஷத்துக்குள் தொட்டிப் பக்கத்தில் இருந்தது.

105.6 டிகிரி. டாக்டர் கழுத்துப் பட்டையைக் கழற்றினார். தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மூக்கில் தண்ணீர் போகாமல் கழுத்துக்குக் கீழே மக் மக்காக ஊற்றினார். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் முடியை விரலால் பிரித்துத் தோலில் படுகிற மாதிரி ஊற்றினார். ஃபேனைக் கிட்டே இழுத்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "டாக்டரே, குளிர்ந்த தண்ணி ஊத்தாதீங்க, ஷாக் ஆயிடும்" என்று கத்தினார். இந்தப் பேச்சை நான் எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். டாக்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சூடுதாங்க ஐயா கொல்லுது, தண்ணி இல்ல." ஈரத் துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும், தண்ணீர் ஓட வேண்டும், காற்றுப் பட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே செய்தார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர். 103.5 வந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டார். அதற்கு மேலும் ஊற்றினால் உடம்பு ஒரேயடியாகக் குளிர்ந்து இன்னொரு பக்கம் போய்விடும்.

பதினாலு நிமிஷம் ஆனது. நாய் எழுந்து உட்கார்ந்து குழந்தையின் முட்டியை நக்கியது. அப்போதும் டாக்டர் அதை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறுநாள் வரை கண்காணிப்பில் வைக்கச் சொன்னார். சூடு தாக்கின நாய்க்குச் சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் மணிக்கணக்கு கழித்துக் கெடலாம். எழுந்து நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நம்பக் கூடாது. முதலில் குளிரவை, அப்புறம் வண்டியில் ஏற்று. போன வருஷம் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. இந்த வருஷம் சரியாக நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

அந்த மரத்தடிக்குப் பத்துக்கு ஒன்பதரை தருகிறேன். மீதி மைதானத்துக்கு அப்படித் தர முடியவில்லை.

மாலை நாலரைக்கு நுழைவாயில் பக்கம் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் ஒரு ராட்வைலரும் கட்டிப் புரண்டன. நாய் கொண்டுவரும் எல்லோரும் ஒரே சந்து வழியாக உள்ளே வருவது, வெளியே போவதும் அதே வழி. இரண்டு பெரிய நாய்கள் முகத்துக்கு முகம் வராமல் என்ன செய்யும்? பிடித்திருந்த பையன், இருபது வயசு இருக்கும், நடுவில் கையை விட்டான். யாரும் செய்யக் கூடாத காரியம். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் பிடி விடும். அந்தப் பையனின் முன்கையில் நாலு பல் ஆழமாக இறங்கியிருந்தது.

மனிதர்களுக்கான முதலுதவி மேஜையில் பிளாஸ்திரி, டெட்டால், பஞ்சு இருந்தன. சோப்பு இல்லை. குழாய் இல்லை. நாய்கள் கூடுகிற இடத்தில் சோப்பு இல்லாமல் ஒரு முதலுதவி மேஜை! ஒரு அம்மா "காபித்தூள் வைங்க, ரத்தம் நிக்கும்" என்றார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என் பையிலிருந்த குளியல் சோப்பை எடுத்து, மரத்தடியிலிருந்து இரண்டு கேன் தூக்கி வரச் சொல்லி, முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். ஐந்தாவது நிமிஷத்திலேயே பையன், "போதும் சிஸ்டர், எரியுது" என்றான். எரியட்டும் கண்ணு என்றேன். ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்து, "ஊசி போட்ட நாய்தானே, இன்னாத்துக்கு இவ்ளோ பயம்" என்றார். கேட்டில் தடுப்பூசி அட்டையை எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். கறுப்பியின் அட்டையை நான் நீட்டியபோது அட்டையைப் பார்த்தார்கள், தேதியைப் பார்க்கவில்லை. வெறிநோய் அறிகுறி வந்த பிறகு அதற்கு வைத்தியம் இல்லை. கழுவுவதும் ஊசியும்தான் இருக்கிறது. ஆழமான கடி, ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு, உடனே பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அனுப்பினேன் என்று எழுதுவது சுலபம். கேட்டை அடைத்துக்கொண்டு இந்த வருஷமும் ஒரு வேன் நின்றது. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? ஒரு நாய் செத்து ஒரு வருஷம் ஆகிறது, அதே கேட், அதே இடம். தண்ணீரும் டாக்டரும் ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு கயிறு கட்டி "இங்கே நிறுத்தாதீர்கள்" என்று ஓர் ஆளை நிற்க வைக்கத் தெரியாதா? பையனை என் அக்கா மகன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். அதே நேரம் கிரேட் டேன் மாதிரி ஒரு பெரிய நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டிருந்தால் பைக்கில் ஏற்ற முடியுமா? பலகையில் 108 மட்டும் எழுதியிருந்தது. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்பதையும், பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் நாய் ஆஸ்பத்திரியின் வழியையும் அதே பலகையில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னும் இரண்டு விஷயம். நாய்களை ஒதுங்கக் கூட்டிப் போகும் இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, பாம்பு இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் நாளே வெட்டியிருக்கலாம். பந்தல் கால்களை மண்ணில் நட்டிருந்தார்கள், இழுத்துக் கட்டவில்லை.

எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வைத்தியத்துக்கு ரயிலேறி வருகிற ஊர் இது. ராணிப்பேட்டையில் 1932லேயே கால்நடைகளுக்கு மருந்து தயாரிக்க நிலையம் வந்துவிட்டது, எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்றும் அதை 'சீரம்' என்றுதான் சொல்வார்கள். பழைய வட ஆற்காட்டுக்காரர்களான நாம் இதில் மற்ற ஊர்களுக்கு வழி காட்ட வேண்டியவர்கள் என்று நான் மனசார நம்புகிறேன்.

போகலாமா என்று கேட்டால், போகலாம். காலை வகுப்பாக இருந்தால் தைரியமாகப் போகலாம். ஆனால் உங்கள் பையில் ஒரு தெர்மாமீட்டர், வாசலின், சோப்பு, காஸ் துணி, ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். அடிபட்ட நாய் வளர்த்தவரையும் கடிக்கும், காஸ் துணியை வாயில் சுற்றிக் கட்டலாம். மூச்சு வாங்குகிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டாதீர்கள். காரை நிழலில் நிறுத்தினாலும் நாயை உள்ளே விட்டுப் போகாதீர்கள், வெயிலில் நின்றால் பத்து நிமிஷத்தில் உள்ளே சூடு பத்து டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும், நிழலிலும் ஆபத்துதான்.

கறுப்பி அவள் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். கருப்பு உடம்பு வெயிலை வாங்கும் என்பதால் ரிங்குக்கு முன்னாலும் பின்னாலும் தண்ணீர் கொடுத்தேன், நடை ஒன்றும் கெடவில்லை.

நடத்துபவர்களுக்கு இந்தத் தடவையும் கடிதம் எழுதிவிட்டேன். ஒரே பக்கம். மரத்தடிக்கு நன்றி சொல்லிவிட்டு மூன்றே விஷயம் கேட்டிருக்கிறேன்: கேட், சோப்பு, குழாய். தபாலில் போடவில்லை. நேரில் போய்க் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன்.