வார்ப்பிரும்பா, ஸ்டீலா? லண்டன் வீட்டுக்கு ஒரு விறகு அடுப்பு

கிழக்கு லண்டனில் இந்த வரிசை வீட்டை வாங்கியபோது முன்னறைக் கணப்பில் ஒரு பழைய வார்ப்பிரும்பு அடுப்பும் சேர்ந்தே வந்தது. முதல் குளிர்காலத்தில், முன்பு இருந்தவர்கள் தோட்டத்து ஓரமாக விட்டுப்போன கட்டைகளை அதில் எரித்தோம். ஒரு ஞாயிறு இரவு பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டியவர், ஆஸ்துமா உண்டு. படுக்கையறை ஜன்னலைத் திறக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெருவில் இறங்கி எங்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன். காற்றே இல்லாத அந்த இரவில் புகை மேலே போகாமல் கூரையில் படிந்து, அவர் ஜன்னல் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றோடு அந்த அடுப்பை மூடினோம். அடுத்த குளிருக்குள், நிறைய விசாரித்து, ஒரு சின்ன ஸ்டீல் அடுப்பைப் பொருத்தினோம். இப்போது நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. வார்ப்பிரும்பு வாங்கலாமா, ஸ்டீல் வாங்கலாமா, பெல்லெட் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருண்டைகளை எரிக்கும் அடுப்பு) வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஸ்டீல்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுப்புகையில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த மதிப்பீடுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின. அதன் விளைவுதான் 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளும். இன்று லண்டனின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. உங்கள் தெரு வருகிறதா என்று கவுன்சிலைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இந்தப் பகுதிகளில் விறகு எரிக்க வேண்டுமானால், சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் உள்ள அடுப்பில்தான் எரிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத அடுப்பில் அனுமதிக்கப்பட்ட புகையில்லா எரிபொருள் மட்டும்தான். புகைபோக்கியில் புகை வந்தால் இங்கிலாந்தில் 175 முதல் 300 பவுண்ட் வரை அபராதம் போடலாம்.

கடைக்குப் போகும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். 2022 ஜனவரி 1 முதல் புதிதாக விற்கும் அடுப்புகளுக்கு 'ஈகோடிசைன்' என்ற புகை, எரிதிறன் தரம் கட்டாயம். ஆனால் ஈகோடிசைன் வேறு, டெஃப்ரா விலக்கு வேறு. முதலாவது இருப்பதாலேயே இரண்டாவதும் இருக்கும் என்று அர்த்தமில்லை. அந்தக் குறிப்பிட்ட மாடலின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விலக்கு பெற்ற பல மாடல்களில் காற்று வரும் வழியை முழுவதும் அடைக்க முடியாதபடி ஒரு தடை வைத்திருப்பார்கள். இரவு முழுக்கக் கட்டை புகைந்துகொண்டே கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. அதைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பெல்லெட் அடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகை அளவை மட்டும் பார்த்தால் அதுதான் சிறந்தது. ஈகோடிசைன் விதியில் மூடிய விறகு அடுப்புக்கு நுண்துகள் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராம், பெல்லெட்டுக்கு 20. இயந்திரமே அளந்து போடுவதால் எரிக்கிறவரின் கைப்பழக்கத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், உள்ளே விசிறியும் மோட்டாரும் ஓடும், ஆண்டுதோறும் சர்வீஸ் வேண்டும். ஈரம் பட்டால் பெல்லெட் ஊதிப்போய்விடும், ஆகவே மூட்டைகளை வீட்டுக்குள்தான் அடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. நண்பர் வீட்டில் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் அனுபவம். இடமும் வசதியும் இருப்பவர்கள், புகைதான் முதல் கவலை என்றால், அதை யோசிக்கலாம்.

சரி, வார்ப்பிரும்பும் ஸ்டீலும். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. எனக்கு வார்ப்பிரும்புதான் அழகு. பக்கவாட்டில் அணில் உருவம் பொறித்த அந்தச் சின்ன மோர்சோ அடுப்பை யாருக்குத்தான் பிடிக்காது? விலையில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் நல்லது ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் பவுண்டுக்குள் கிடைக்கிறது. புகைபோக்கிக்குள் ஸ்டீல் லைனர் என்ற உட்குழாயை இறக்கிப் பொருத்துவதற்கு அதே அளவு இன்னொரு தொகை ஆகும். அதற்கு, அடுப்பு பொருத்துகிறவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்றவரையே கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

சூடேறும் விதத்துக்குத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கல் காய நேரமாகும், காய்ந்த பிறகு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய தகட்டுக் கல் சட்டென்று காயும், சட்டென்று ஆறும். நாங்கள் ஆறு மணிக்கு வீடு திரும்பி அடுப்பை மூட்டினால், பத்து மணிக்குப் படுக்கப் போய்விடுகிறோம். நான்கு மணி நேரத்துக்குள் அறை சூடாக வேண்டும். அந்தப் பழைய அடுப்பு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அறைக்குச் சூட்டைத் தர ஆரம்பிக்கும். ஸ்டீல் அடுப்பு கால் மணியில் தருகிறது. இன்றைய வார்ப்பிரும்பு அடுப்புகளிலும் உள்ளே வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் கனிமப் பலகைகள் பதித்திருப்பதால் வித்தியாசம் முன்பளவு இல்லை என்கிறார்கள். ஆகவே இதை வைத்து மட்டும் நான் முடிவெடுக்கவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது அடுப்பின் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள்தான்.

வார்ப்பிரும்பைத் தகடாக வளைத்து ஒட்டவைக்க முடியாது. அடி, மேல், பின், பக்கம் என்று தனித்தனியாக வார்த்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கி, இடுக்குகளில் ஃபயர் சிமெண்ட் பூசி அடைக்கிறார்கள். அடுப்பை எரிக்கும்போதெல்லாம் இந்த இரும்புப் பலகைகள் விரியும், ஆறும்போது சுருங்கும். சிமெண்ட் அப்படி விரிந்து சுருங்காது. பல குளிர்காலங்களில் அது காய்ந்து, பொடிந்து, மூட்டு மூட்டாக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் காற்று உள்ளே வரும்.

காற்று வந்தால் என்ன, தீ நன்றாகத்தானே எரியும் என்று நானும் நினைத்தேன். அப்படியில்லை. இன்றைய அடுப்பு புகை இல்லாமல் எரிவதே காற்று எங்கிருந்து, எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்துத்தான். மூட்டும்போது கீழிருந்து காற்று வேண்டும். பிடித்த பிறகு அதைக் குறைத்து, கண்ணாடி ஓரமாக மேலிருந்து சூடான காற்றை இறக்குகிறோம். கூடவே பின்சுவரில் உள்ள துளைகள் வழியாக இன்னொரு பங்கு காற்று வந்து, கட்டையிலிருந்து கிளம்பும் வாயுவை எரிக்கிறது. அந்த வாயு எரியாமல் தப்பினால் அதுதான் புகை. அது எரிவதற்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மூட்டில் ஒழுகும் குளிர்காற்று மேல்பக்கம் புகுந்தால் அந்தச் சூடு இறங்கிவிடுகிறது. அடிப்பக்கம் புகுந்தால் தீ கட்டுக்கடங்காமல் எரிந்து விறகைத் தின்கிறது, காற்றைக் குறைக்கும் கைப்பிடியை எவ்வளவு தள்ளினாலும் அடங்காது. அதிகச் சூட்டில் பலகைகள் இன்னும் விலகும், இன்னும் ஒழுகும். அடுப்புக்குச் சான்றிதழ் கொடுத்தபோது சோதித்தது மூட்டு இறுக்கமாக இருந்த புது அடுப்பை. பத்து ஆண்டு கழித்து உங்கள் அறையில் இருப்பது அதுவாகவே இருக்க வேண்டுமென்றால், மூட்டுகளை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பழைய அடுப்பை எடுப்பதற்கு முன், புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் ஒரு சோதனை செய்து காட்டினார். நாலைந்து சுள்ளிகளை மட்டும் எரியவிட்டு, என் மனைவியிடமிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கி, அதை மூட்டுகளின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். இடப்பக்கம் பின்மூலையில் ஊதுபத்திப் புகை வளைந்து அடுப்புக்குள் இழுபட்டது. ஒரு விரற்கடை அகலத்துக்கு அங்கே சிமெண்டே இல்லை. இருட்டில் அடுப்புக்குள் டார்ச்சை வைத்து வெளியே வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் ஊதுபத்தி கூடுதல் நுணுக்கமாகக் காட்டுகிறது.

இதைச் சரிசெய்ய முடியும். போல்ட்டுகளைக் கழற்றி, பலகைகளைப் பிரித்து, பழைய சிமெண்டைச் சுரண்டி, புதிதாகப் பூசி இறுக்க வேண்டும். கைத்திறன் உள்ளவருக்கு ஒரு வாரக்கடைசி வேலை. ஆனால் துருப்பிடித்த போல்ட் முறியலாம், இறுக்கும்போது பலகை விரிசல் விடலாம். பழைய மாடலுக்கு மாற்றுப் பலகை கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். எங்களுடையது டெஃப்ரா பட்டியலிலும் இல்லை. அதற்காக இவ்வளவு பாடுபடுவதில் பொருளில்லை என்று விட்டுவிட்டோம்.

ஸ்டீல் அடுப்பின் உடல், தகடுகளை வெல்டிங் செய்து ஒட்டிய ஒரே பெட்டி. ஒழுகக்கூடிய இடங்கள் கதவைச் சுற்றிய கயிறு, கண்ணாடி ஓரப் பட்டை, புகைக்குழாய் சேரும் கழுத்து, அவ்வளவுதான். கதவுக் கயிற்றைச் சோதிக்க ஒரு செய்தித்தாள் துண்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு நைந்துவிட்டது. புதுக் கயிறும் பசையும் சுமார் 15 பவுண்ட், அரை மணி வேலை. நான்கு குளிர்காலத்தில் நான் ஒரு முறை மாற்றியிருக்கிறேன். உள்ளே இருக்கும் வெர்மிகுலைட் பலகையில் ஒன்று மெலிதாக விரிசல் விட்டிருக்கிறது. துண்டு விழாதவரை மாற்ற வேண்டாம் என்பதால் அப்படியே ஓடுகிறது.

ஸ்டீலுக்கும் குறை உண்டு. காற்றைத் திறந்துவிட்டு அளவுக்கு மீறி எரித்தால் தகடு வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்த முடியாது. மலிவு அடுப்புகளில் தகடு மெலிது. நல்ல கடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் சொல்வார்கள், 5 மி.மீ.க்குக் குறைவாக நான் வாங்கமாட்டேன். கோடையில் கதவை இறுக மூடி வைத்தால் ஈரத்தில் துருப்பிடிக்கும், ஆகவே சாம்பலை அள்ளிவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். அப்புறம், ஆயுள். நார்வேயின் யோட்டுல், டென்மார்க்கின் மோர்சோ இரண்டும் 1853இல் தொடங்கிய நிறுவனங்கள். அவர்களுடைய பழைய வார்ப்பிரும்பு அடுப்புகள் தலைமுறை தாண்டியும் எரிகின்றன. என் ஸ்டீல் அடுப்புக்கு வயது நான்கு. இருபதாம் ஆண்டில் அதன் வெல்டிங் ஒட்டுகள் எப்படி இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

எந்த உலோகமானாலும் அளவு பெரிதாகப் போகாதீர்கள். அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் உத்தேசமாக வரும். எங்கள் அறை 44 கன மீட்டர், 3 கிலோவாட்டுக்குச் சற்று மேலே போதும். ஒரு கடையில் 8 கிலோவாட் அடுப்பை எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்கியிருந்தால் வெக்கை தாங்காமல் எந்நேரமும் காற்றைக் குறைத்தே எரித்திருப்போம், குறைத்து எரித்தால் புகை. நாங்கள் எடுத்தது 4 கிலோவாட். பழைய வீடுகளில் 5 கிலோவாட் வரை சுவரில் நிரந்தரக் காற்றுத் துளை போட வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதி.

பச்சை விறகு புகையும் என்று ஊரில் அடுப்பூதிய யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் இங்கே காய்ந்தது போலவே தோன்றும் கட்டை உள்ளே ஈரமாக இருக்கும். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 'ரெடி டு பர்ன்' முத்திரை அதைத்தான் சொல்கிறது. ஈரமானி ஒன்று வாங்கி, கட்டையைப் பிளந்து, பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். மூட்டும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. என் அம்மா சுள்ளியைக் கீழே வைத்துக் கட்டையை மேலே அடுக்குவார். இங்கே கட்டை கீழே, சுள்ளி மேலே, தீயை உச்சியில் வைக்க வேண்டும். கிளம்பும் வாயு மேலே இருக்கும் தீயைக் கடந்து போவதால் எரிந்துவிடுகிறது. தெருவில் நின்று பார்த்திருக்கிறேன், பத்து நிமிடத்துக்குள் புகைபோக்கி தெளிந்துவிடுகிறது.

நல்ல அடுப்பென்றாலும் மாசே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஷெஃபீல்டில் வீடுகளுக்குள் அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, விறகு போடக் கதவைத் திறக்கும்போது நுண்துகள் அறைக்குள் வருவதைக் காட்டியது. ஆகவே நான் கதவை அடிக்கடி திறப்பதில்லை, திறந்தாலும் மெதுவாகத்தான். காற்றே அசையாத பனிமூட்ட இரவுகளில் அடுப்பை மூட்டுவதே இல்லை, ரேடியேட்டர் போதும்.

நாள் முழுக்க வீட்டில் ஆள் இருந்து, காலையில் மூட்டிய தீ இரவு வரை எரியும் தடித்த கல்சுவர் வீடு உங்களுடையது என்றால் கணக்கு மாறும். அங்கே சூட்டைப் பிடித்து வைக்கும் வார்ப்பிரும்பு உண்மையிலேயே நல்லது. மூட்டுகளைச் சில ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும். ஏற்கெனவே டெஃப்ரா பட்டியலில் உள்ள வார்ப்பிரும்பு அடுப்பு வீட்டில் இருந்தால், புதிது வாங்கும் முன் அக்டோபரில் ஒரு நாள் சின்னதாகத் தீ மூட்டி, எல்லா மூட்டு ஓரமும் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை எங்கும் உள்ளே வளையாமல் நேராக மேலே எழுந்தால், அந்த ஆண்டு புகைபோக்கி துடைக்கிறவரை மட்டும் கூப்பிட்டால் போதும்.