காட்டு ஓட்ஸோடு நான்கு ஆண்டுக் குடித்தனம்

“அந்தப் புல் இன்னும் இருக்கிறதா? இருந்தால் பத்து விதை அனுப்பேன்” என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. நான் விதைத்த தொட்டியைத் தவிர மற்ற எல்லாத் தொட்டிகளிலும் இருக்கிறது. அவருக்கு எழுத உட்கார்ந்த பதில் நீண்டுகொண்டே போனதால், இதை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் அதைத் தேடிப் போகவில்லை. மூடாக்குக்காகப் பரப்பிய வைக்கோலோடு அதுவாக வந்தது. முதல் இரண்டு மாதம் கோதுமை என்று நம்பித் தண்ணீர் ஊற்றினேன். என் அறியாமைதான், பார்க்கத் தெரிந்தவருக்கு இலையே காட்டிக்கொடுத்துவிடும். கோதுமையிலும் பார்லியிலும் இலை தண்டைத் தழுவும் இடத்தில் காதுபோன்ற சிறு மடல்கள் உண்டு. ஓட்ஸ் இனத்துக்குக் காது கிடையாது, வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு மட்டும் எட்டிப் பார்க்கும். மேலிருந்து பார்த்தால் கோதுமை இலை வலஞ்சுழியாக முறுக்கியிருக்கும், இது இடஞ்சுழி.

ஆனால் அது உணவுக்கான ஓட்ஸா, காட்டு ஓட்ஸா என்று உறுதியாகச் சொல்லக் கதிர் வரும்வரை பொறுக்க வேண்டும். உணவு ஓட்ஸின் மணி வழவழப்பாக இருக்கும், முற்றினாலும் கதிரை விடாது. காட்டு ஓட்ஸின் உமியில் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். லேசாகத் தட்டினால் ஒவ்வொரு மணியாக உதிரும், உதிர்ந்த மணியின் அடியில் குதிரை லாடம்போல ஒரு வடு தெரியும். இரண்டு மூன்று மணிகள் பிரியாமல் சேர்ந்தே விழுந்தால் அது இதன் நெருங்கிய உறவான அவேனா ஸ்டெரிலிஸ். என்னிடம் இருப்பது தனித்தனியாக விழும் அவேனா ஃபட்டுவா.

இனி மீசைக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

மணியின் முதுகிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மீசை கிளம்புகிறது. நடுவில் முழங்கால்போல மடங்கி, மடிப்புக்குக் கீழே திரித்த கயிறுபோல முறுக்கேறியிருக்கிறது. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். காய்ந்தால் மறுபடி ஏறும். உள்ளங்கையில் ஒரு விதையை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: சற்று நேரத்தில் அது பூச்சியைப்போல நெளியத் தொடங்கும். மீசையில் உயிர் இல்லை. காய்ந்த திசு ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் வரும் அசைவு, அவ்வளவே. 1665-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் இந்த மீசையைக் கொண்டு காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி செய்வது எப்படி என்று எழுதியிருக்கிறார். நானும் ஒரு தக்கையில் மீசையைச் செருகி, நுனியில் காகித முள் ஒட்டிவைத்தேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மழை நாளில் இன்னும் திரும்புகிறது. வீட்டில் எதையும் இவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்ததில்லை.

அந்த வித்தை எதற்காக என்பதைத்தான் நான் தாமதமாக யோசித்தேன். இரவுப் பனியில் அவிழ்ந்து, பகல் வெயிலில் முறுக்கி, விதை தரையில் தானே ஊர்கிறது. அடிமுனை கூர்மையானது, சுற்றியுள்ள மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போகும், வெளியே வராது. மண் வெடிப்பு கிடைத்தால் போதும், திருகாணிபோல இறங்கிவிடுகிறது. காலுறையும் அதற்கு மண் வெடிப்புதான்.

சரி, வேண்டிய இடத்திலாவது முளைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. முதல் ஆண்டு பொறுக்கிய விதைகளில் இருபதை ஒரு அங்குல ஆழத்தில் விதைத்தேன். மூன்று வந்தன. மற்றவை செத்துவிட்டன என்று நினைத்து அந்த மண்ணைக் கொட்டி மற்ற தொட்டிகளுக்குப் பிரித்துப் போட்டேன். நான் செய்த மகா தவறு அது. உதிர்ந்த புதிதில் விதைகள் உறக்கத்தில் இருக்கும். சில அடுத்த குளிர்பருவத்தில் விழிக்கும், சில ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து தமக்குத் தோன்றும்போது எழும். சில மாதம் உலர்வாக வைத்திருந்து, உமியை உரித்து விதைத்தால் நிறைய முளைக்கின்றன என்பதைப் பின்னர் கற்றுக்கொண்டேன். அதற்குள் ரோஜாத் தொட்டி அதன் கையில் போய்விட்டது. கதிருக்குத் துணிப்பை கட்டியும் பார்த்தேன்; உச்சி மணிகள் முதலில் முற்றி, நான் பை தேடிக்கொண்டிருந்தபோதே உதிர்ந்துவிட்டன. அறுவடைக்கு முன்பே உதிரும் இதே குணத்தால்தான் கோதுமை வயல்களில் இது ஆகக் கொடிய களைகளில் ஒன்றாக இருக்கிறது.

நியாயமாகப் பேசினால், செடியின்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உரம் கேட்கவில்லை, இடுப்புக்கு மேல் வளர்ந்தது, தூர் நன்றாகக் கட்டியது. காற்றில் தொங்கும் கதிர்களை மாலை வெயிலில் பார்த்துவிட்டு யாரும் களை என்று சொல்லமாட்டார்கள். நான்கு ஆண்டுகளில் நான் வளர்த்தவற்றில் இவ்வளவு சுவாரசியமான செடி வேறில்லை.

வளர்க்காதீர்கள். இன்று காலை துளசி மாடத்தில் இரண்டு இடஞ்சுழி இலைகளைப் பிடுங்கிவிட்டு வந்து இதை எழுதுகிறேன், அந்தக் கோபமும் இதில் இருக்கலாம். நண்பரே, விதை அனுப்பமாட்டேன். வீட்டுக்கு வாருங்கள், உங்கள் உள்ளங்கையிலேயே ஒன்றை நனைத்துக் காட்டுகிறேன். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி உங்கள் காலுறையைச் சோதிப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.