ஆய்வு உதவிச் செயலி: வலிகாமத்துக் கிணற்றில் இறக்கிப் பார்த்தேன்

கம்பஸ் பெடியள் பாவிக்கிற ஏஐ ஆய்வு உதவிச் செயலி ஒன்றைக் காசு கட்டி எடுத்தேன். பேர் வேண்டாம், இந்த வகைச் செயலிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாதம் 20 டொலர், எங்கள் காசில் 6,000 ரூபா அளவில் வரும். சோதிக்க எடுத்த விடயம், யாழ்ப்பாணத்து வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று (பசளையிலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் கலக்கும் உப்பு).

ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடுவதில் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல ஏலாது. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துவாரமுமான பாறை, அதனால் வெங்காயத் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் மலகூடக் குழியில் இருந்து ஊறுவதும் சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும் என்பதை நன்றாகச் சுருக்கித் தந்தது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவும் சரி. ஆனால் சில கட்டுரைகள் நைத்திரேற்றாகக் கணக்கிடும், சில அதில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும், அப்போது அந்த 50 ஏறத்தாழ 11 ஆகிவிடும். செயலி இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து போட்டிருந்தது. விபரம் தெரியாதவன் அதை வைத்து, கெட்டுப்போன கிணற்றையும் நல்ல தண்ணீர் என்று எழுதிவிடுவான். மேற்கோள்களில் ஒன்று இன்னும் விசேஷம்: சஞ்சிகை உண்மை, தொகுதி எண் உண்மை, கட்டுரை மட்டும் எங்கேயும் இல்லை.

தமிழில் கேட்டால் கதை கந்தல். பொது நூலகத்தோடு 1981 இல் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்த ஊர் இது, மிஞ்சியது அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. ‘நூலகம்’ என்ற இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து இலவசமாகப் போட்டுவருகிறது, அதில் இருந்து நான் கொடுத்த பழைய பக்கங்களைக்கூட இந்த 20 டொலர் செயலியால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. எழுத்துகளைக் கொத்துரொட்டி போட்டுத்தான் தந்தது.

எனக்குக் கோபம் செயலியில் இல்லை. பட்ட ஆய்வேட்டில் நாற்பது பக்கத்துக்கு முன்னாய்வுகளைத் தொகுத்து எழுது என்று இன்னமும் கேட்கிறோமே, அதில்தான். அந்த அத்தியாயத்தைச் செயலி ஒரு பின்னேரத்தில் எழுதித் தருகிறது, மேற்பார்வையாளரும் அதையே இன்னொரு செயலியில் போட்டுச் சுருக்கி வாசிக்கிறார் (சிரிக்காதீர்கள், நடக்கிறது). அதைப் பத்துப் பக்கமாக வெட்டிவிட்டு, மாரிக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் தண்ணீர் எடுத்து அளந்து, எந்தத் தோட்டத்துக்கு எப்போது என்ன பசளை போட்டது என்று கமக்காரரிடம் கேட்டு எழுதிய கொப்பிக்குப் புள்ளி போட்டால் என்ன? நைத்திரேற்று பற்றி 1980களிலேயே எழுதியாயிற்று, அதையே திரும்பச் சுருக்க இன்னொரு பட்டம் தேவையில்லை.

சரி, வாங்கலாமா? புரொபோசல் எழுதும் மாதத்துக்கு மட்டும் எடுங்கள். ஒவ்வொரு மேற்கோளையும் கூகிள் ஸ்கொலரில் தேடி, கட்டுரையைத் திறந்து பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தா தானாகவே புதுப்பித்து வங்கி அட்டையில் காசை வெட்டும், எடுத்த அன்றே அதை நிறுத்தி வையுங்கள்.