கேரேஜ் பட்டறைக்குக் குளிர்காப்பு: நான்கு குளிர்காலம் கழித்து ஒரு கணக்கு

மரவேலைப் பசை காய்ந்தால் மூட்டோரத்தில் கண்ணாடி போல ஒரு கோடு தெரிய வேண்டும். கேரேஜைப் பட்டறையாக்கிய முதல் குளிர்காலத்தில் நான் ஒட்டிய இழுப்பறையில் அந்தக் கோடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. லேசாக அசைத்தேன், மூட்டு கையோடு வந்துவிட்டது. புட்டியைத் திருப்பிப் பார்த்தால், 10 டிகிரிக்குக் கீழே பயன்படுத்தாதே என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்று கேரேஜுக்குள் 4 டிகிரி.

ஒரு கார் நிற்கும் இடம்தான். 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம். ஒரு பக்கச் சுவர் வீட்டோடு ஒட்டியது, மற்றவை வெளிச்சுவர்கள். முன்னால் மடிந்து மேலேறும் தகரக் கதவு. கையில் காசு குறைவு என்பதால் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். இப்போது பார்த்தால் அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. எதைச் செய்ததற்கு என்ன பலன் கிடைத்தது என்று தனித்தனியாகத் தெரிந்தது.

முதலில் செய்தது முதல் தரத் தப்பு. பளபளவென்று இருக்கும் வெள்ளித்தாள் குமிழ் விரிப்பை வாங்கிக் கதவின் தகரத்தோடு ஒட்ட ஒட்டிவிட்டேன். உறையின் மேல் போட்டிருந்த எண்களைப் பார்த்து மயங்கியதுதான் காரணம். அந்த வெள்ளித்தாள் வெப்பக் கதிரைத் தடுக்க வேண்டுமென்றால் அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னால் சுமார் 20 மி.மீ. காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டினால் அந்தப் பக்கத்துப் பளபளப்பு வீண், மிஞ்சுவது மெல்லிய குமிழ் விரிப்பின் தடுப்பு மட்டும். கதவு பார்க்க விண்கலம் மாதிரி இருந்தது, குளிர் அப்படியே இருந்தது.

அதே வருடம் ஜனவரியில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு கதவோரமாக நடந்தேன். பெட்ரோல், தின்னர் டப்பாக்களை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான். கதவின் அடியில் புகை படுத்துக்கொண்டு ஓடியது. பக்கச் சட்டங்களில், மின்குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில், கூரையும் சுவரும் சேரும் மூலையில் என்று எங்கே பார்த்தாலும் காற்று. தரை சமமாக இல்லாததால் கதவின் ஒரு மூலையில் விரல் நுழையும் சந்து இருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதவின் அடிக்குப் புது ரப்பர், தரையில் ஒட்டும் ரப்பர் வரம்பு, பக்கங்களுக்கு உதடு வைத்த ரப்பர் பட்டை, துளைகளுக்கு ஸ்ப்ரே ஃபோம். நான்கு வருடத்தில் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான் ஆனது, மிகப் பெரிய மாற்றமும் இதில்தான் வந்தது. இதிலும் ஒரு பாடம் உண்டு. ஒட்டும் வகை ஸ்பாஞ்ச் டேப்பை நம்ப வேண்டாம், ஈரம் பட்டதும் என்னுடையது ஒரே பருவத்தில் உரிந்து தொங்கியது. ஆணியடித்துப் பொருத்தும் ரப்பர் பட்டை இன்றும் அசையவில்லை. ஸ்ப்ரே ஃபோம் அடிக்கும்போது கையுறை போடுங்கள். தோலில் பட்டால் நாள்கணக்கில் போகாது. இன்னொன்று: கேரேஜுக்குள் கேஸ் பாய்லர் இருந்தால் அது மூச்சு விடும் காற்றுத் துளைகளை மட்டும் தொடவே கூடாது.

இரண்டாம் வருடம் கூரை. மேலே வெறும் பரண். மட்டப்பலகைகளின் மேல் 150 மி.மீ. கண்ணாடிப் பஞ்சைப் பரப்பினேன், ஒரு சனிக்கிழமையில் முடிந்தது. கூரை ஓரத்தில் பரணுக்குக் காற்று வரும் வழியை அடைக்கவில்லை. அடைத்தால் மேலே ஈரம் சேர்ந்து மரம் கெடும். முழுக்கை சட்டை, முகமூடி போட்டும் இரண்டு நாள் அரிப்பு. சூடு மேலே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தலைக்கு மேல் இருந்த அந்தச் சில்லிப்பு நின்ற பிறகுதான் உறைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் செய்த பெரிய முட்டாள்தனம் புகைபோக்கி இல்லாத சிலிண்டர் ஹீட்டர். பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பு, பரம சுகம். மறுநாள் காலையில் மேஜை ரம்பத்தின் வார்ப்பிரும்புத் தளம் முழுக்கச் செம்மண் தூவினாற்போல் துரு. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். இடுக்குகளை அடைத்துவிட்ட அறையில் அது எங்கே போகும்? இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் பனியாக இறங்கியது. இரும்பு போனால் தேய்த்து எடுக்கலாம். அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தேய்த்தெடுக்க நாம் இருக்க மாட்டோம். ஹீட்டரை அன்றே வெளியேற்றினேன். இப்போது 1500 வாட் மின் ஹீட்டர். நீட்டிப்பு ஒயரில் மாட்டாமல் நேராகச் சுவர் பிளக்கில், ரம்பம் ஓடும் இணைப்பில் சேராமல் தனியாக.

கதவுக்கு வருகிறேன். 5 சதுர மீட்டர் வெறும் தகரம், உள்ளே வெளியே 20 டிகிரி வித்தியாசம் என்றால், கணக்குப்படி 600 வாட்டுக்குப் பக்கமாக அது வழியாக மட்டும் போகும். என் ஹீட்டரில் ஐந்தில் இரண்டு பங்கு. 50 மி.மீ. தெர்மாகோல் வைத்தால் காகிதத்தில் 70 வாட்டுக்குக் கீழே இறங்குகிறது. மடிப்புகளும் ஓரங்களும் இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனாலும் செய்யத் தகுந்த வேலை.

நான் செய்த விதம்தான் தகாதது. மிச்சம் கிடந்த கரைப்பான் வகைப் பசையைத் தடவினேன். அது தெர்மாகோலைச் சர்க்கரைப் பாகு மாதிரி கரைத்துவிட்டது. நுரைப் பலகைக்கென்றே வரும் பசை வாங்கி மறுபடி ஒட்டி, மேலே மெல்லிய பிளைவுட் அடித்தேன். பிளைவுட்டின் கனத்தில் கதவு சமநிலை இழந்தது. மோட்டாரைக் கழற்றிப் பாதி உயரத்தில் விட்டால் கதவு அங்கேயே நிற்க வேண்டும், என்னுடையது தொப்பென்று இறங்கியது. கதவின் கனத்தைத் தாங்கும் முறுக்கு ஸ்பிரிங்கை நாமே தொடக் கூடாது. தெறித்தால் எலும்பை உடைக்கும். ஆளை வரவழைத்துச் சரி செய்ததில் மிச்சம் பிடித்த காசெல்லாம் போனது. மூன்றாம் வருடம் அதைப் பிய்த்துவிட்டு, மேலே எதுவும் மூடாமல் விடலாம் என்று பலகையிலேயே அச்சிட்டிருந்த, படலம் ஒட்டிய இலகுவான நுரைப் பலகை வைத்தேன். சாதாரண தெர்மாகோலை மூடாமல் விடக் கூடாது, தீப்பொறி பட்டால் வேகமாகப் பிடிக்கும், கரும்புகை கக்கும். வெளிச்சுவரில் வைத்த பலகைகளுக்கு அதனால்தான் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு போட்டேன். கிரைண்டர் வேலை இப்போது வாசலுக்கு வெளியே.

சுவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீளமான வெளிச்சுவரை மட்டும் மூடினேன், இணைப்புகளுக்கு டேப் ஒட்டினேன். வேலை அதிகம், வித்தியாசம் மிதம். பின்சுவர் இன்னும் வெறுமையாகவே நிற்கிறது. அங்கே உள்ள அலமாரிகளைக் காலி செய்யும் மனோதைரியம் வரவில்லை. தரைக்கு, நான் நிற்கும் இடங்களில் மட்டும் கோத்துப் போடும் ரப்பர் ஸ்பாஞ்ச் விரிப்பு. அறை வெப்பநிலை மாறவில்லை, கால் மரத்துப்போவது நின்றது.

கணக்கு இது. வெளியே மைனஸ் 4 இருந்த காலையில், ஹீட்டர் போடாமல் உள்ளே முதல் வருடம் 1 டிகிரி, இந்த வருடம் 7. அப்போது இரண்டு மணி நேரம் ஹீட்டர் ஓடியும் 9-ஐத் தாண்டாது. இப்போது முக்கால் மணியில் 14 வருகிறது, அதற்கு மேல் எனக்குத் தேவையும் இல்லை, இழைப்புளி தள்ளினால் தானாக வேர்க்கும்.

நான் எதிர்பார்க்காத ஓட்டை ஒன்று கடைசியில் அகப்பட்டது. என் தூசி உறிஞ்சி காற்றை வெளியே தள்ளும் வகை. மணிக்கு 1000 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 43 கன மீட்டர் உள்ள இந்த அறையின் சூடான காற்று மொத்தமும் மூன்று நிமிடத்துக்குள் வெளியே போய்விடும். நுண்தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் போட்டுக் காற்றை உள்ளேயே திருப்பிவிட வேண்டும். அடுத்த செலவு அதற்கு. அதுவரை அறுக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டு, ஹீட்டரைப் பிறகு போடுகிறேன்.

பசைப் புட்டி மட்டும் இன்னும் வீட்டுக்குள், புத்தக அலமாரியில் இருக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு நம்ப முடியாது. டிரில் பேட்டரிகளும் அதன் பக்கத்திலேயே, பூஜ்ஜியத்துக்குக் கீழே அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. இரண்டையும் பட்டறைக்குக் குடிமாற்றச் சொல்லி வீட்டில் நான்காவது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.