செம்மண்டலம் தாண்டி, போர்டு இல்லாத ஒர்க்‌ஷாப்

கடலூரில் காருக்கு ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலை என்றால் எங்கே விடுவது என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இந்தக் கடையில் ஏசி அறை இல்லை, பில் இல்லை, சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்காது. ஆனாலும் என் வண்டி இனி அங்கேதான்.

என்னுடையது 2013 மாடல் டீசல் ஸ்விஃப்ட். 1,18,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. வீடு தேவனாம்பட்டினம், வேலை புதுச்சேரி. ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று தினமும் போய் வருகிறேன். வழியில் எத்தனை வேகத்தடை என்பது என் இடுப்புக்கு மனப்பாடம்.

போன மழைக்காலம் முடிந்ததும் முன்பக்கம் ஒரு சத்தம் ஆரம்பித்தது. மெதுவாகப் போகும்போது, அதுவும் சின்னச் சின்னப் பள்ளத்தில், டப்பாவில் போட்ட புளியங்கொட்டை மாதிரி கடகடவென்று. அறுபதில் போனால் சத்தமே கிடையாது. கூடவே ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. டயர் கடையில் அலைன்மென்ட் செய்தார்கள், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கும்படி திருத்தும் வேலை. இரண்டு மாதம் கழித்து மறுபடி இழுத்தது, மறுபடி செய்தார்கள். மூன்றாவது முறை போனபோது இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு போலத்தான் தெரியும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்து, கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் வண்டவாளம் புரியும்.

பிறகு புதுச்சேரியில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கால் மணி நேரத்தில் பட்டியல் வந்தது: ஸ்டியரிங் அசெம்பிளி, இரண்டு ஷாக் அப்சார்பர், இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை). 41,000 ரூபாய். "இதுல எது சத்தம் போடுது?" என்று கேட்டேன். "எல்லாமே பழசு மேடம்" என்றான் அந்தத் தம்பி. காபி நன்றாக இருந்தது.

ஆபீஸில் ஒருவர் சொல்லித்தான் இந்த இடம் தெரியும். செம்மண்டலம் தாண்டி நெல்லிக்குப்பம் போகும் ரோட்டில், ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை. வாசலில் பூவரச மரம், அதன் கீழே உட்கார ஒரு பழைய கார் சீட். மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். உதவிக்கு ஒரு பையன்.

அவர் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. பையனை உள்ளே உட்கார வைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமாக ஆட்டச் சொன்னார். தான் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் டை ராட் எண்ட் என்ற மூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார், நாடி பார்க்கிற மாதிரி. "இதுல ஆட்டம் இருக்கு" என்றார். அடுத்து ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். லேசாக டக் டக் என்றது. "தம்பி, பிரேக்க மிதி." மிதித்த பிறகும் அதே டக் டக். "பேரிங்கா இருந்தா பிரேக் மிதிச்சா ஆட்டம் நின்னுடும்மா. இது லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்." லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சேரும் உருண்டை மூட்டு அது. அதன் ரப்பர் பூட் (உறை) கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் இருந்தது. என்னையும் குனிந்து பார்க்க வைத்தார்.

"அப்ப சத்தம் அதுதானா அண்ணா?"

"அவசரப்படாத. சத்தம் வேற."

வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி ஸ்டெபிலைசர் பார்; அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி லிங்க் ராட். இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்ற ஆரம்பித்தார். கடற்கரை வீட்டு வண்டி, உப்புக் காற்றில் நட்டு துருவேறி, முறுக்கினால் உள்ளே இருக்கும் போல்ட்டும் சேர்ந்தே சுற்றியது. ஒன்றை அலன் கீ கொடுத்துப் பிடித்துக் கழற்றினார். இன்னொன்றைக் கிரைண்டர் வைத்து அறுத்தார். ஸ்டெபிலைசர் பாரைக் கம்பியால் கட்டிவிட்டு, "மெதுவா ஓட்டு, வளைவுல சாயும்" என்று சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சந்தின் பள்ளம் மேட்டில் இரண்டு தடவை போய் வந்தேன். சத்தம் இல்லை. நான்கு மாதமாகக் கேட்ட சத்தம். கழற்றிய லிங்க் ராடை என் கையில் கொடுத்தார். உருண்டைத் தலையைச் சுண்டுவிரலால் தள்ளினால்கூடத் தொளதொளவென்று ஆடியது. புதுசு என்றால் கட்டை விரலை வைத்து அழுத்தித்தான் அசைக்க முடியுமாம்.

என்னென்ன வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்து, "கம்பெனி ஸ்பேரா நீயே வாங்கியா, எனக்கு நடுவுல கமிஷன் வேணாம்" என்றார். லிங்க் ராட் ஜோடி 1,300, இடது லோயர் ஆர்ம் 2,100, டை ராட் எண்ட் 550, அவர் கூலி 1,500. மொத்தம் 5,450 ரூபாய். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, அதைத் தொட மாட்டேன் என்றார். ஸ்டியரிங் அசெம்பிளி பற்றிச் சொன்னதும் சிரித்தார், அவ்வளவுதான்.

எனக்கு நம்பிக்கை வந்த இடம் இன்னொன்று. லோயர் ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது அவர் கடைசி வரை முடுக்கவில்லை. வண்டியை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் நிற்க, வண்டிக்கு அடியில் இருக்கும் பிட்டுக்குள் (குழிக்குள்) இறங்கி அப்புறம்தான் முடுக்கினார். தொங்கும்போதே முடுக்கினால் வண்டி இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும் என்றார்.

குறைகள் இல்லாமல் இல்லை. சாயங்காலம் மூன்று மணி என்றார், மறுநாள் மதியம்தான் வண்டி கிடைத்தது. ஆட்டோவுக்குப் போனது தனிக் கணக்கு. போனை எடுக்கவே மாட்டார். நட்டை எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் கிடையாது, எல்லாம் கைப்பதம். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வா, நட்டெல்லாம் ஒருமுறை பார்க்கணும் என்று அவரே கூப்பிட்டுப் பார்த்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஓட்டுநர் சீட்டில் கிரீஸ் கை பட்ட கறை இன்னும் இருக்கிறது.

அலைன்மென்ட் மெஷினும் அங்கே இல்லை. வேலை முடிந்த கையோடு வேறு கடையில் 600 ரூபாய்க்குச் செய்துகொண்டேன். டை ராட் எண்ட் மாற்றினால் இது கட்டாயம். அங்கே ஸ்டியரிங்கை நேராக வைக்காமலே செய்துவிட்டார்கள், மறுபடி போய் நிற்க வேண்டியதாயிற்று. முன்பு மூன்று முறை கொடுத்த காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது ஆடுகிற பல்லுக்குக் கம்பி கட்டுகிற வேலை.

இப்போது நாலரை மாதம், ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சத்தம் இல்லை, இழுப்பு இல்லை. இடது டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதற்கும் ஒரு நாள் செலவு இருக்கிறது.

போவதாக இருந்தால் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். எலுமிச்சம்பழம் வந்து, பூஜை போட்டு முடியும்வரை ஸ்பேனரைத் தொட மாட்டார், அந்தப் பையன் பழம் வாங்கப் போனால் டீயும் குடித்துவிட்டுத்தான் வருவான்.