ஒரே பவளப்பாறை: பகலில் இறங்குவதா, இரவில் இறங்குவதா?

ஸ்கூபாவுக்கு, அதாவது காற்று உருளையைச் சுமந்து கடலுக்குள் முக்குளிப்பதற்கு, புதியவர்கள் பகலில்தான் இறங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பாறையின் விரிவும், உடன் முக்குளிப்பவரின் கைச்சைகையும், மேலே மிதக்கும் படகும் தெளிவாகத் தெரியும். கூட்டங்கூட்டமாகத் திரியும் வண்ண மீன்களும் பகலுக்கே உரியவை.

ஆனால் நிறத்தில் பகல் நம்மை ஏமாற்றுகிறது. நீர் முதலில் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், 10 மீட்டர் ஆழத்திலேயே சிவப்புப் பவளம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடும். இரவில் அருகிலிருந்து டார்ச் அடியுங்கள்: ஒளிந்திருந்த சிவப்பும் ஆரஞ்சும் பளிச்சென்று எழும். பவளம் ஓர் உயிர் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதும் இரவே. வெறும் கல்லாகத் தோன்றிய பரப்பில் பவளத்தை உருவாக்கும் சின்னஞ்சிறு உயிர்களான எண்ணற்ற பாலிப்புகள் உணர்கொம்புகளை நீட்டி மிதவை உயிரிகளைப் பிடிக்கும். சிங்கி இறாலும் ஆக்டோபஸும் இரைதேடக் கிளம்பும். கிளிமீன்களில் சில இனங்கள் சளியாலான உறைக்குள் உறங்கும்; அவற்றின் முகத்தில் வெளிச்சம் பாய்ச்சாதீர்கள், பாவம், மிரண்டு ஓடிவிடும்.

இரவுக்கு ஒவ்வொருவரிடமும் மாற்று டார்ச் ஒன்று வேண்டும். அதைவிட முக்கியம், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பயிற்சி. இருளில் காலின் துடுப்பு பட்டு ஒடியும் பவளக் கிளை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். அந்தக் கட்டுப்பாடு கைவந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பகலில் வழி பழகிய அதே பாறையிலேயே முதல் இரவு முக்குளிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.